முதல் பெயராக எழுதிய கட்டுரைகள் எத்தனை?
புறக்கோள் (வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்) ஆய்வாளர் ஒருவரை, கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோள்களையும் ஒரே எண்ணாக்கிக் காட்டும் எச்-இண்டெக்ஸை மட்டும் வைத்தே பெரிய ஆள் என்கிறது இந்தக் கட்டுரை. சரி, ஆனால் புறக்கோள்களைத் தேடிய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி மாதிரி கூட்டுத் திட்டங்களில் ஒரே கட்டுரைக்கு டஜன் கணக்கில் பெயர்கள் இருக்கும், மேற்கோளோ அத்தனை பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். 1995-ல் 51 பெகாசி பி என்ற புறக்கோளை அறிவித்த கட்டுரையில் மேயர், கெலோ என இரண்டே பெயர்; 2019-ல் இருவருக்கும் நோபல்.

இடையில் ஒரு கொசுறு: கெப்ளர் தொலைநோக்கி பார்த்ததும் கோள் நட்சத்திரத்தின் குறுக்கே கடப்பதைத்தான். அப்படி வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க எங்கள் புதுச்சேரியில் காத்திருந்தார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், 1769 ஜூன் 4 காலையில் பாழாய்ப்போன மேகம் மூடிவிட்டது. ஆனாலும் மனிதர் இங்கிருந்த தமிழர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு போய் எழுதினார்! சரி, விஷயத்துக்கு வருகிறேன்: அடுத்த முறை ஓர் ஆய்வாளரைப் பற்றி எழுதினால், அவர் முதல் பெயராக எழுதியவை எத்தனை என்று தனியாகப் போடுங்கள்.