மண்டைக்காட்டை விடவே மாட்டீங்களா மக்கா?

"இன்னைக்குப் புதிரே தப்பு"ன்னு காலைல ஆறு மணிக்கு நம்ம சொல் புதிர் குரூப்புல ஒரு ஆளோட வாய்ஸ் நோட்டு. அதைக் கேட்டதுல இருந்து வெப்ராளம் அடங்க மாட்டேங்குது. புதிர்ல ஒரு தப்பும் இல்ல. இன்னைக்கு வந்த 16 சொல்லும் இதுதான், நீங்களே பாருங்க:

குளச்சல், சாளை, மூக்குத்தி, பேயன், மண்டைக்காடு, நெத்திலி, தக்கலை, மட்டி, பல்லி, அயிலை, முட்டம், ஏத்தன், கண்ணாடி, வாளை, கருங்கல், செந்துளுவன்.

ஒண்ணுக்கொண்ணு உறவுள்ள சொல்லா நாலு நாலாப் பிரிக்கணும், நாலு தப்பு விட்டா ஆட்டம் முடிஞ்சுது. நியூயார்க் டைம்ஸ் 2023 ஜூன்ல தொடங்கின சொல் புதிர் கனெக்‌ஷன்ஸுக்கு உள்ள அதே விதி.

அந்த ஆளு என்ன செஞ்சாரு? நம்ம குமரி மாவட்டத்து ஊர்ப் பேரைப் பார்த்ததும் குளச்சல், முட்டம், தக்கலை, மண்டைக்காடுன்னு அழுத்தியாச்சு. 'ஒண்ணுதான் தப்பு'ன்னு வருது. உடனே தக்கலையைத் தூக்கிட்டு கருங்கல். திரும்பவும் ஒண்ணுதான் தப்பு. குளச்சலைத் தூக்கிட்டு தக்கலையைத் திரும்பக் கொண்டு வந்தாரு. ஒண்ணுதான் தப்பு. கடைசியா முட்டம் வெளிய, குளச்சல் உள்ள. ஆட்டம் குளோஸ்.

அஞ்சு ஊர் இருக்கு. அஞ்சுல நாலை எடுக்க மொத்தமே 5 வழிதான். அதுல மண்டைக்காடு இருக்குற நாலு வழியையும் ஒண்ணு விடாம அழுத்திட்டு, அது இல்லாத அந்த ஒரே வழியை விட்டுட்டாரு! நாலு தடவையும் அசையாம நின்ன சொல் அது ஒண்ணுதான். தூக்கித் தூக்கிப் போட்டதெல்லாம் சரியான சொல்லு. கேட்டா, "அம்மன் கோயில் மாசிக் கொடைக்கு ஊரே திரண்டு போகுது, மண்டைக்காடு எப்படி ஊரில்லாம போவும்?"ங்குறாரு. ஊர்தான், யாரு இல்லைன்னா? அது ஊராங்கறது இல்ல கேள்வி, அதுக்கு வேற எங்கயாவது வேலை இருக்காங்கறதுதான்.

ஒரு கூட்டத்துக்கு அஞ்சு சொல் தெரிஞ்சா கையை எடுத்துரணும். அப்பவே தெரிஞ்சுக்கிடணும், ஒண்ணு கண்ணியில வச்ச இரைன்னு. பைய மத்த இடத்துக்குப் போங்க. ஆள் குறைஞ்ச கூட்டத்துலதான் தொடங்கணும். பேயன், ஏத்தன், செந்துளுவன்: வாழைப்பழம் மூணுதான் இருக்கு, நாலாவதுக்கு மட்டியை விட்டா வல்லதும் உண்டா? 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம மட்டிப் பழத்தை, கடல்ல கிடைக்கிற மட்டிச் சிப்பின்னு நினைச்சு மீனோட சேர்க்கத் தோணும். சேர்த்தா பழத்துக்கு ஆள் இல்ல. அதனால மட்டி பழத்துக்குத்தான். மட்டி போனதும் சாளை, அயிலை, வாளை, நெத்திலின்னு மீன் சரியா நாலு.

மிச்சம் எட்டு. மூக்குத்தி, கண்ணாடி, பல்லி மூணுக்கும் என்ன உறவு? பொருளைப் பார்த்தா ஒண்ணும் இல்ல. வாய்விட்டு வாசிச்சு முன்பாதியை மட்டும் வெட்டி எடுங்க. மூக்கு, கண், பல்... மண்டை! நெத்திலியில 'நெத்தி' இருக்கேன்னு இழுப்பீங்க, ஆனா அது போயிட்டா மீன் மூணாயிரும். கனெக்‌ஷன்ஸ்ல இந்த மாதிரி எழுத்து விளையாட்டுதான் பெரும்பாலும் ஊதா நிறத்துல வரும். மஞ்சள் லேசு, அப்புறம் பச்சை, நீலம், கடைசி கஷ்டம் ஊதா. மஞ்சளைத் தொடும் முன்னாலயே ஊதாவை ஒரு நோட்டம் பாக்கணும்.

'ஒண்ணுதான் தப்பு'ன்னு வந்த உடனே மாத்தி மாத்திப் போடுறது இருக்கே, அதுதான் எளவு. எடுத்த நாலுல எது தப்புன்னு தெரியாது, வெளிய 12 சொல் கிடக்கு. நாலு பெருக்கல் பன்னிரண்டு, 48 வழி. கையில மிச்சம் 3 உயிர். 48 வழியை மூணு உயிரை வச்சுக்கிட்டுத் தடவியா கண்டுபிடிக்க முடியும்? கலைச்சுப் போடுற பட்டன் ஒண்ணு இருக்கு, அதை அழுத்தினா ஒரு உயிரும் குறையாது. பக்கத்துப் பக்கத்துல கிடக்குற சொல்லுலயே கண்ணு ஒட்டிக்கிடும், கலைச்சாத்தான் பிரியும். அதை ஏன் ஒரு ஆளும் தொடுறதே இல்ல?

இதுல 'வாளை'யைப் பார்த்து, "வாழைக்கு எழுத்துப்பிழை"ன்னு வேற சொல்லுறாரு. வாளை மீனைத் தின்னு வளர்ந்த ஊருய்யா இது!

அந்த வாய்ஸ் நோட்டு முழுசா மூணு நிமிசம் ஓடுது. எழுதினா ரெண்டு வரி. பாதி நேரம் பின்னால மிக்ஸி சத்தம். விடியக்காலைல ஆளாளுக்கு எதுக்கு மக்கா இந்த வாய்ஸ் நோட்டு?