உள்ளூர் பத்திரிகை நடத்துபவர்களைப் பயமுறுத்தும் அந்த ஃபார்வர்ட்

“1867-ஆம் ஆண்டுச் சட்டம் ரத்து. சின்னப் பத்திரிகைகளின் பழைய பதிவு செல்லாது. புதிய பிரஸ் கார்டுக்கு உடனே பணம் கட்டுங்கள்.” வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் இது.

முதல் வரி மட்டும் சரி. பத்திரிகைப் பதிவுக்கான அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டின் பத்திரிகைகள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பழைய சட்டப்படி செய்த பதிவுகள் அதனால் ரத்தாகவில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்குத்தான் பெரிய மாற்றம்: தலைப்பு (பத்திரிகையின் பெயர்) ஒதுக்கீட்டுக்கும் பதிவுக்கும் ஒரே நேரத்தில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பு மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுக்க அலைய வேண்டியிருந்தது.

பிரஸ் கார்டு கதை சுத்தப் பொய். பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் பதிவு செய்வது பத்திரிகையை. நிருபர்களுக்கு அட்டை கொடுப்பது அதன் வேலையே இல்லை. பைக்கில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர் ஒட்ட ஆசைப்படுபவர்களிடம்தான் இந்த வியாபாரம் நன்றாக ஓடுகிறது.

இங்கே வார இதழ் நடத்துபவர் பெரும்பாலும் ஒற்றை ஆள். ஆசிரியர், வெளியீட்டாளர், உரிமையாளர் எல்லாம் அவரே. கடை கடையாக விளம்பரம் கேட்பதும் அவரே. அவரிடம் போய்ப் பணம் பறிப்பது அநியாயம்.

சந்தேகம் இருந்தால் பத்திரிகைப் பதிவாளரின் ‘பிரஸ் சேவா’ தளத்தைப் பாருங்கள். அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்களா? சரி, அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.