கோவெண்டர்னா என்ன ஆளுங்கன்னு கேட்காதீங்க

ரெண்டு வாரம் முன்னாடி தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பன்ல இருந்து ஒரு அக்கா வேலூருக்கு வந்திருந்தாங்க. என் தங்கச்சி கூட வேலை பார்க்கிறவங்க. கொள்ளுத்தாத்தா பொறந்த ஊரைப் பார்க்கணும்னு வந்தாங்க. தமிழ் பேச வராது, வீட்டுல தாத்தா, ஆயான்னு கூப்பிடுறது மட்டும் மிச்சம் இருக்கு. கையில அந்தக் காலத்துல கூலியா கப்பலேறினவங்க விவரம் எழுதின கப்பல் லிஸ்ட்டோட ஜெராக்ஸ் ஒண்ணு. குடும்பப்பேரு கோவெண்டர்.

நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போனேன். ஒரு கிராமத்து டீக்கடையில விஷயத்தைச் சொன்னதும் முதல் கேள்வியே "என்ன ஆளுங்க?"ன்னுதான் வந்துச்சு. கவுண்டர்ங்கிற சொல்லுதான் அங்க கோவெண்டர்னு ஆச்சுன்னு நானும் விவரம் புரியாம விளக்கம் சொல்லிட்டேன். அட நம்ம ஜனம்னு பெஞ்சைத் துடைச்சு உட்கார வெச்சாங்க, கூல்டிரிங்க்ஸ் வந்துச்சு, பக்கத்துத் தெருவுல இருந்தெல்லாம் ஆளு வந்துச்சு. அப்புறம் ஒரு பையன் அந்த ஜெராக்ஸை வாங்கிப் படிச்சான். ஜாதின்னு போட்ட கட்டத்துல கவுண்டர்னு இல்ல, வேற எழுதியிருந்துச்சு. என்ன எழுதியிருந்துச்சுன்னு இங்க சொல்ல மாட்டேன். பத்து நிமிஷத்துல ஒவ்வொருத்தரா எழுந்து போயிட்டாங்க. அக்கா என்னைப் பார்த்து, என்னாச்சு, ஏன் போறாங்கன்னு கேட்டாங்க. என்னால பதில் சொல்ல முடியல. அன்னிக்கு ராத்திரியில இருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து 342 பேரோட டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. அதுல இருந்து 1911 வரைக்கும் டர்பன் இருக்கிற நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளா போனவங்க 1,52,000 பேருக்கு மேல, அதுல பெரும்பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியா போனவங்க. கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே. அஞ்சு வருஷ ஒப்பந்தம், சம்பளம் ஆரம்பத்துல மாசம் 10 ஷில்லிங். வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், சேலம், தெலுங்கு பக்கம் விசாகப்பட்டினம்னு பஞ்சமும் கடனும் எங்கெல்லாம் இருந்துச்சோ அங்கிருந்தெல்லாம் போயிருக்காங்க.

அந்த லிஸ்ட்டை ஒருதடவை பார்த்தீங்கன்னா மறக்க மாட்டீங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாணா (போலீஸ் எல்லை), கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு, மச்சம். குடும்பப்பேருன்னு ஒரு கட்டமே கிடையாது, ஏன்னா நம்ம ஜனத்துக்கு அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல, முனியன்னா முனியன், அப்பன் பேரு ஏதோ ஒண்ணு, அவ்ளோதான். ஒப்பந்தம் முடிஞ்சு அங்கயே தங்கினப்புறம் புள்ளைங்களைப் பதியுறப்போ, ஸ்கூல்ல சேர்க்கிறப்போதான் சர்நேம் என்னன்னு கேள்வி வருது. சில வீட்டுல தாத்தாவோட பேரே அப்படியே உறைஞ்சு போச்சு. இப்ப தென்னாப்பிரிக்கா கிரிக்கெட் டீம்ல ஆடுற செனுரன் முத்துசாமி, பிரெனலன் சுப்ராயன் பேரைப் பாருங்க, முத்துசாமியும் சுப்புராயனும் எந்தத் தலைமுறையிலயோ ஒரு மனுஷனைக் கூப்பிட்ட பேரு. வேற சில வீட்டுல ஜாதிப் பட்டம் ஒட்டிக்கிச்சு. முதலி மூட்லி ஆச்சு, நாயுடு நாய்டூ ஆச்சு, கவுண்டர் கோவெண்டர் ஆச்சு. எழுதினது இங்கிலீஷ்காரக் கிளார்க், காதுல விழுந்ததை எழுதினாங்க.

இதுல பட்டம் இல்லாதவங்களும் ஒரு பட்டத்தை எடுத்து வெச்சுக்கிட்டாங்க. இதைப் பொய், ஏமாத்துன்னு சொல்றவங்களை நான் பார்த்திருக்கேன். எனக்கு அப்படித் தோணல. எல்லாருக்கும் ஒரே கப்பல் அடித்தட்டு, ஒரே தண்ணிப் பீப்பா, தோட்டத்துல ஒரே பேரக்ஸ், எல்லாரையும் கூப்பிட்டது கூலின்னு ஒரே வார்த்தையில. அங்க போயும் இங்க கொடுத்த இழிவையே தன் புள்ளைக்குப் பேரா வைக்கணுமா? வேற பேரை வெச்சான். சரியாத்தான் செஞ்சான்.

இன்னொண்ணு. இங்க பேருக்குப் பின்னாடி ஜாதியை வெட்டணும்னு 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல தீர்மானம் போட்டாங்க. நேட்டாலுக்குக் கூலிகளை ஏத்திட்டுப் போறது அதுக்கு 18 வருஷம் முன்னாடியே நின்னு போச்சு. நாம அதை வெட்டிட்டு இருந்த காலத்துல அங்க அது பிறப்புச் சான்றிதழ்ல அச்சாகிக்கிட்டு இருந்துச்சு. அதனால ஒரு கோவெண்டரோ பிள்ளேயோ நாய்டூவோ ஜாதிப்பேரை விடலையேன்னு நினைக்கிறது நியாயமே இல்ல. டர்பன்ல கோவெண்டர்ங்க அவ்ளோ பேரு இருக்காங்க, ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் கிடையாது, அந்தச் சொல்லுக்கு இங்க என்ன அர்த்தம்னே பலருக்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவுல காந்தியோட போராட்டத்துல ஜெயிலுக்குப் போன தில்லையாடி வள்ளியம்மையை நினைச்சுப் பாருங்க. அந்தப் பொண்ணு பொறந்ததே ஜோகன்னஸ்பர்க்ல. சிறையில காய்ச்சலாகி, வெளிய வந்து 1914 பிப்ரவரி 22 அன்னிக்கு 16 வயசுல செத்துப்போச்சு. காந்தி எழுதுறப்போ அப்பா பேரோட, முனுசாமி முதலியாரோட பொண்ணுன்னு எழுதுறார். நாம கூப்பிடுறது அவங்க அம்மாவோட ஊர்ப்பேரை முன்னாடி வெச்சு. இத்தனை வருஷத்துல யாராவது முதலியார் பொண்ணுன்னா அவளைத் தெரிஞ்சு வெச்சிருக்கோம்? தில்லையாடிதான் நின்னுச்சு.

அதனால, இப்படி யாராவது உங்க ஊருக்கு வந்தா குடும்பப்பேரை வெச்சு ஆராய்ச்சி பண்ணாதீங்க, அது ஆளைக் கண்டுபிடிக்க உதவவும் உதவாது. லிஸ்ட்டுல இருக்கிற நம்பர், தாணா, கிராமம், இந்த மூணையும் கேளுங்க. கிராமத்துப் பேரு கிளார்க் எழுதினது, தப்பாத்தான் இருக்கும், வாய்விட்டு நாலுதடவை சொல்லிப் பாருங்க. தாணா அப்போ எந்த போலீஸ் எல்லைன்னு தெரிஞ்சா தேட வேண்டிய ஊரு பத்துப் பதினஞ்சா குறைஞ்சிடும்.

அக்கா ஊரு இன்னும் கிடைக்கல. "பாடி"ன்னு முடியுது, முன்னாடி ரெண்டு எழுத்து மை கலைஞ்சிருக்கு, தாணா ஆற்காடு. அந்தப் பக்கத்துல யார் வீட்டுலயாவது கப்பலேறிப் போய் திரும்பி வராத ஒரு தாத்தா கதை இருந்தா ஊர்ப்பேரை மட்டும் கமெண்ட்ல போடுங்க. ஜாதி வேணாம்.