வழக்கின் பெயராக இருந்தது போதும்

புகலிடக் கொள்கையில் முனைவர் பட்டம் செய்யலாமா என்று கேட்பவர்களே, முதலில் அகதிச் சட்டப் பாடப்புத்தகம் ஒன்றை எடுத்து வழக்குகளின் பட்டியலைப் பாருங்கள். நம் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வரும். ஒருவருடைய அச்சத்துக்கு நியாயமான அடிப்படை இருக்கிறதா என்பதை எப்படி அளப்பது என்று பிரிட்டனின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை 1987-இல் தீர்ப்புச் சொன்னது சிவகுமாரன் வழக்கில். அதில் தோற்று இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். அது 1991-இன் வில்வராஜா வழக்கு, அங்கேயும் தோல்விதான். சித்திரவதைக்கு ஆளாகக்கூடிய நாட்டுக்கு ஒருவரை நாடு கடத்தலாமா என்ற கேள்வியைக் கனடா உச்ச நீதிமன்றம் 2002-இல் எடுத்துக்கொண்டது சுரேஷ் வழக்கில். எல்லையில் பிடிபட்டுப் புகலிடம் மறுக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு மூலம் அந்த மறுப்பை எதிர்க்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020-இல் கதவைச் சாத்தியது துரைசிங்கம் வழக்கில்.

பிரிட்டனில் 2019-இல் முடிந்த இன்னொன்றும் உண்டு. ஒரு தமிழர் தன் முதுகிலும் கையிலும் இருந்த தீக்காயத் தழும்புகளைச் சித்திரவதைக்குச் சான்றாகக் காட்டினார். தானே கேட்டு இன்னொருவரை வைத்துச் சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம்தான் அதை ரத்துசெய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், புலம்பெயர்வு மற்றும் புகலிடக் கொள்கையில் முனைவர் பட்டம் செய்யலாமா என்று பழைய மாணவர்கள் இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செய்யுங்கள். இந்தத் துறையில் நம்மவர்கள் இல்லாமல் இல்லை. கேரளப் புலம்பெயர்வு ஆய்வை 1998 முதல் நடத்திவந்த இருதயராஜன் இருக்கிறார், கனடாவில் கவிஞரும் சமூகவியலாளருமான சேரன் இருக்கிறார். ஆனால் வழக்குப் பட்டியலில் நாம் எடுத்திருக்கும் இடத்தையும் ஆய்வாளர் பட்டியலில் எடுத்திருக்கும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எங்கே போவது? ஆக்ஸ்போர்டில் 1982-இல் தொடங்கிய அகதிகள் ஆய்வு மையம், சசெக்ஸ், டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகம், ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக், சிட்னியில் கால்டோர் மையம். இவை கூகுள் பண்ணினாலே கிடைத்துவிடும். பலருக்குப் பிடிபடாதது, ஒவ்வொரு நாட்டிலும் பிஎச்டி ஒவ்வொரு மாதிரி நடக்கிறது என்பது. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகளில் பெரும்பாலும் அது ஒரு வேலை. விளம்பரம் வரும், நேர்காணல் இருக்கும், சம்பளம் உண்டு. ஜெர்மன் விளம்பரத்தில் 65 சதவீதம் என்று போட்டிருந்தால் முழுச் சம்பளத்தில் அவ்வளவுதான் என்று அர்த்தம்; மீதி நேரத்திலும் ஆய்வு வேலைதான் பார்ப்பீர்கள், அது வேறு கதை. பிரிட்டனில் இடம் கிடைப்பது ஒன்று, பணம் கிடைப்பது இன்னொன்று. இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஊருக்கே ஸ்வீட் கொடுத்துவிட்டுப் பிறகு கட்டணத்தைப் பார்த்து மயங்கியவர்களை எனக்குத் தெரியும். காமன்வெல்த் உதவித்தொகை, இந்தியர்களுக்கு ஃபீலிக்ஸ் உதவித்தொகை இரண்டையும் முதலிலேயே பார்த்துவையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி க்யூரி முனைவர் வலையமைப்புகள் தரும் ஆய்வுப் பணியிடங்களுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பணி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் பணி தரும் நாட்டிலேயே வசித்திருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஊரிலிருந்து நேராகப் போகிறவருக்கு இது சாதகமான விதி.

சரி, இப்போது கசப்பான பகுதி. இந்தத் துறையில் பணம் அரசாங்கங்களின் பயத்தைப் பின்தொடர்ந்துதான் வருகிறது. 2015-இல் சிரியர்கள் லட்சக்கணக்கில் ஐரோப்பாவுக்குள் வந்த பிறகு ஆய்வுப் பணமும் கொட்டியது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய புலம்பெயர்வு, புகலிட ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. அதைச் சுற்றி இனி இன்னும் வரும். அந்த நிதிக்கான அழைப்புகளை நிதானமாக வாசியுங்கள். நிராகரிக்கப்பட்டவர்கள் ஏன் திரும்பிப் போவதில்லை, அவர்களை எப்படிப் போகவைப்பது என்பதுதான் பலவற்றில் வரும் கேள்வி. அது உள்துறை அமைச்சகத்தின் கேள்வி. அதே தரவை வைத்து, தழும்பைப் பார்த்த அதிகாரி எதை நம்பினார், எதை நம்பவில்லை, அகதியின் சொந்த நாட்டு நிலை பற்றிய எந்த அறிக்கையை மேற்கோள் காட்டினார் என்றும் கேட்கலாம். பணம் வாங்குங்கள், தப்பில்லை. கேள்வியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

இன்னொன்று. மைக்ரேஷன் என்றதும் நம் பிள்ளைகளுக்கு மத்தியதரைக்கடல் படகுகள் ஞாபகம் வருகின்றன, மண்டபம் அகதி முகாம் வருவதில்லை. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து, இலங்கை மலையகத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு போட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்காகத்தான் நீலகிரியில் தமிழ்நாடு அரசு நிறுவனமான டேன்டீயின் தேயிலைத் தோட்டங்கள், அவர்களுக்கும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் ரெப்கோ வங்கி. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அப்புறம் 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்கள். 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவே இல்லை. அப்படியானால் நாற்பது வருடங்களாக முகாம்களை எந்தச் சட்டத்தை வைத்து நடத்துகிறார்கள்? பணக்கொடை யார் முடிவு, இரவு வருகைக் கணக்கு யார் உத்தரவு? அரசாணைகளைத் தமிழில் வாசித்து, முகாம் பெரியவர்களிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர் எழுதவேண்டிய ஆய்வேடு இது.

ஆனால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்குப் பணம் இல்லை என்று 2022-இல் விதி கொண்டுவந்தார்கள். மலையகத்திலிருந்து வந்தவர்களில் கணிசமானோர் தலித்துகள். விதியை அப்படியே வாசித்தால், டேன்டீ குடியிருப்பில் வளர்ந்த ஒரு பெண் அந்தப் பணத்தில் பெர்லினுக்குப் போய் சிரிய அகதிகளைப் பற்றி எழுதலாம், தாயகம் திரும்பிய தன் சொந்தப் பாட்டியைப் பற்றி எழுத முடியாது. இதைவிட அசிங்கமான விதி ஒன்றை யோசிக்க எனக்குக் கற்பனை போதவில்லை.

முகாமிலேயே பிறந்த பிள்ளையின் நிலை அதைவிட மோசம். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்ற விதியைக் காட்டி, பாஸ்போர்ட்டுக்காக மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் 2022-இல் வென்றார். அந்தத் தேதிக்குப் பிறகு அகதிப் பெற்றோர் இருவருக்கும் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவர்களைச் சேர்க்கவில்லை. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்று மேலே எழுதினேன் அல்லவா? எந்த நாட்டவரும் இல்லாதவர் விசாவை எதில் குத்தி வாங்குவார்? பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் புகலிடம் தேடுவோருக்குத் தரும் உதவித்தொகைகள்கூட பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான். இத்தாலியிலோ கனடாவிலோ அகதிகள் மாநாடு நடக்கும்போது, முகாமில் எம்ஏ முடித்த பிள்ளைக்கு ராமேஸ்வரம் தாண்ட வழியில்லை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களாவது இவர்களுக்கென்று முழு உதவித்தொகையுடன் சில முனைவர் இடங்களை ஒதுக்கவேண்டும். இதற்கு டெல்லியின் அனுமதிக்காகக் காத்திருக்கவேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக. பிரிட்டனில் உதவித்தொகையோடு சேர்த்துப் பரிசீலிக்கும் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்துவிடும். மேற்பார்வையாளராக வரக்கூடியவருக்கு அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். 'மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு' என்று நாற்பது பேருக்கு ஒரே மின்னஞ்சல் போனால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆய்வு முன்மொழிவை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன், இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.