ஆறு பெரிதா, ஒன்று பெரிதா?

2024 பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த மறுநாள், காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் நாளிதழை விரித்துப் பதக்கப் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்த அப்பத்தா, ஆறு பதக்கம் வாங்கிய இந்தியா 71ஆம் இடத்திலும் ஒரே ஒரு பதக்கம் வாங்கிய பாகிஸ்தான் 62ஆம் இடத்திலும் இருப்பதைக் கண்டு, "ஆறு பெருசா, ஒண்ணு பெருசாப்பா?" என்று கேட்டார்கள். அந்த ஒன்று, ஈட்டி எறிதலில் நம் நீரஜ் சோப்ராவின் 89.45 மீட்டரைத் தாண்டி 92.97 மீட்டர் எறிந்த அர்ஷத் நதீமின் தங்கம். அந்த வீச்சில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் வயிற்றெரிச்சலெல்லாம் கணக்கு முறையின் மேல்தான். முதலில் தங்கத்தை எண்ணி, அது சமமானால் மட்டுமே வெள்ளியையும், அதுவும் சமமானால் வெண்கலத்தையும் பார்ப்பதால், ஒரு நாடு நூறு வெள்ளி குவித்தாலும் ஒற்றைத் தங்கத்துக்குக் கீழேதான் நிற்க வேண்டும். ரூபாய் இருக்கிறதென்று சில்லறையைத் தள்ளிவிட்டுப் பேரேடு எழுதும் கணக்குப்பிள்ளையை எங்கள் பக்கம் ஒருநாள்கூட வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். அமெரிக்க ஊடகங்கள் பலவும் மொத்தப் பதக்கங்களைக் கூட்டித்தான் வரிசைப்படுத்துகின்றன.

அதைவிட உறுத்துவது ஹாக்கி. அணி முழுவதும் வியர்வை சிந்தி வென்ற வெண்கலம் பட்டியலில் வெறும் ஒன்று. 2008இல் மைக்கேல் பெல்ப்ஸ் என்ற ஒரே நீச்சல் வீரரின் பெயரிலோ எட்டுத் தங்கம். அப்பத்தாவிடம் இதை எப்படி விளக்குவது?