அந்த இரண்டு ஓம் ரெசிஸ்டர்

கார்ல ஏர்பேக்கோட வந்த ஒரிஜினல் ஸ்டியரிங் வீலைக் கழட்டிட்டு, ஏர்பேக் இல்லாத வேற வீல் மாட்டினதைப் போட்டோவோட ஒரு தம்பி போட்ட பதிவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கீழே நான் போட்ட கமென்ட்டையும், அரை மணி நேரத்துல அது காணாமப் போனதையும் பார்த்திருப்பீங்க. "வயித்தெரிச்சல்"னு ஒருத்தர், "ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன் பாடம் எடுக்கிறான்"னு இன்னொருத்தர். அதையெல்லாம் தாங்கிக்கலாம். தாங்க முடியாதது அந்த நாலாவது போட்டோ. ஏர்பேக் ஒயரோட மஞ்சள் கனெக்டர், அதோட ரெண்டு துளையிலயும் செருகின ஒரு சின்ன ரெசிஸ்டர், அதாவது மின்தடைத் துண்டு, மேலே கறுப்பு டேப். கீழே ஒரு வரி: "ஏர்பேக் லைட் பிரச்சினை தீர்ந்தது." அந்த வரிக்குத்தான் அத்தனை லைக்.

பிரச்சினை தீரலை. விளக்கு அணைஞ்சுது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

டேஷ்போர்டுல அந்த ஏர்பேக் விளக்கு எதுக்கு எரியுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். ஏர்பேக்கைக் கவனிக்கிற கம்ப்யூட்டர், சாவியைத் திருப்பினதுலேர்ந்து ஒவ்வொரு ஏர்பேக்குக்குள்ளயும் இருக்கிற ஸ்குயிப்பை, அதாவது தீமூட்டுற அந்தச் சின்னத் திரியை, பார்த்துக்கிட்டே இருக்கும். திரி பத்திக்காத அளவுக்கு மிகச் சின்ன மின்சாரம் அனுப்பி, மின்தடை சுமார் 2 ஓம் இருக்கான்னு அளக்கும். இருந்தா அமைதியா இருக்கும். ஒயர் அறுந்திருந்தாலோ, ஏர்பேக்கே இல்லாமப் போனாலோ விளக்கை எரிய விடும். ஓட்டுறவர்கிட்ட பேச அதுக்கு இருக்கிற வாய் அந்த விளக்குதான். 2 ஓம் ரெசிஸ்டரைச் செருகினா, ஏர்பேக் இருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பிடும். விளக்கு அணையும்.

மோதல் நடந்தா? கம்ப்யூட்டர் 15லேர்ந்து 30 மில்லி செகண்டுக்குள்ள முடிவெடுக்கும். நல்ல வண்டியில அடுத்த 30 மில்லி செகண்டுல பை முழுசா விரிஞ்சு நிக்கும். கண்ணை இமைச்சு முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். இந்த வண்டியிலயும் அதே கம்ப்யூட்டர் அதே நேரத்துல சரியா முடிவெடுத்து மின்சாரத்தை அனுப்பும். அது கறுப்பு டேப்புக்குள்ள இருக்கிற ரெசிஸ்டருக்குள்ள போயிட்டுத் திரும்பும். வேற ஒண்ணும் நடக்காது.

இப்ப, "ரெசிஸ்டர் போடலைன்னா பல வண்டியில மத்த ஏர்பேக்கும் மோதும்போது பெல்ட்டை இறுக்குற பிரிடென்ஷனரும் சேர்ந்து முடங்கிடும், அதைக் காப்பாத்தத்தான் போடுறோம்"னு ஒரு வாதம் வந்தது. இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கோளாறு பதிவாகி விளக்கு எரியும்போது பக்கத்து சீட் பையும் வெடிக்கும்னு யாரும் உறுதி தர முடியாது. ஆனா அந்தப் பதிவுல இந்தக் காரணம் எங்கேயாவது இருந்ததா? விளக்கு உறுத்துதுன்னுதான் இருந்தது. அதோட, இன்னிக்கு வர்ற நிறைய வண்டிகள்ல ஓட்டுநர் ஏர்பேக் ரெண்டு கட்டமா விரியும். ரெண்டு ஸ்குயிப், ரெண்டு கனெக்டர், அப்ப ரெசிஸ்டரும் ரெண்டு. சால்டர் இல்லாம துளையில செருகின ரெசிஸ்டர் கால், வண்டி அதிர்வுல ஒருநாள் தளரும். அப்ப அந்த "காப்பாத்தின" மத்த ஏர்பேக்கும் கேள்விக்குறி ஆயிடும்.

"நான் சீட் பெல்ட் போடுறேன், எனக்கு எதுக்கு ஏர்பேக்?" அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கோபம் வந்ததும் இதுலதான், ஏன்னா கேட்டவங்கள்ல பாதிப் பேர் வண்டி வேலை தெரிஞ்சவங்க.

ஏர்பேக் உள்ள வண்டியோட முன் சீட் பெல்ட்டும், ஏர்பேக் வர்றதுக்கு முந்தின காலத்துப் பெல்ட்டும் ஒண்ணு கிடையாது. பெரும்பாலான வண்டியில பெல்ட் சுருளுக்குள்ள ஒரு முறுக்குத் தண்டு இருக்கும். லோடு லிமிட்டர்னு பேர். மோதின உடனே பிரிடென்ஷனர் வெடிச்சு பெல்ட்டை இறுக்கி உடம்பை சீட்டோட சேர்க்கும். அடுத்து உடம்போட எடை முழுக்க பெல்ட் மேல விழும். நெஞ்சுல சுமை ஒரு அளவைத் தாண்டினதும் அந்தத் தண்டு முறுக்கிக்கிட்டு பெல்ட்டை வேணும்னே கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். விலா எலும்பு நொறுங்காம இருக்க அந்த ஏற்பாடு. விட்டுக் கொடுத்தா நெஞ்சும் தலையும் முன்னாடி போகும். போகட்டும், எதிர்ல பை இருக்கு, அது ஏந்திக்கும்னு கணக்குப் போட்டுத்தான் பெல்ட்டைச் செய்திருக்காங்க. பெல்ட்டும் பையும் ஜோடி. பையை எடுத்துட்டு அந்தப் பெல்ட்டை மட்டும் வெச்சுக்கிட்டா, அது விட்டுக் கொடுக்கிற ஒவ்வொரு சென்டிமீட்டரும் தலையை ஸ்டியரிங் நடுவுக்குக் கொண்டு போகுது.

அந்த நடுவுல என்ன இருக்கு? ஸ்டியரிங் ஷாஃப்ட்டோட ஸ்ப்லைன்ல, அதாவது பல்லுப் பல்லான வரிப்பள்ளத்துல, உட்கார்ற ஒரு உலோக ஹப் அடாப்டர், அதாவது பாஸ் கிட். அதுக்கு மேல வீலைப் பிடிக்கிற ஆறு போல்ட்டு. நடுவுல ஒரு ஹார்ன் பட்டன். முகம் வந்து மோதற இடம் இதுதான். வண்டியோட வந்த வீலோட எலும்புக்கூடு, பையைத் தாங்கி நிக்கவும், உடம்பு அழுத்தினா வளைஞ்சு கொடுக்கவும் கணக்கிட்டு வார்த்தது. நல்ல அடாப்டர்கள்ல நசுங்குற பகுதி இருக்கும், ஒத்துக்கிறேன். போட்டோவுல இருக்கிறது அது இல்லை. கடைஞ்செடுத்த கெட்டி அலுமினியம்.

2022ல அமெரிக்காவோட நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு எச்சரிக்கை விட்டது. ஸ்டியரிங் நடுவுல அழகுக்கு ஒட்டுற கல் பதிச்ச உலோகச் சின்னத்தைப் பத்தி. விபத்துல பை விரிஞ்சப்ப ஒரு ஓட்டுநர் முகத்துல அது பாய்ஞ்சு ஒரு கண்ணுல பார்வை போயிடுச்சு. கவர் மேல ஒட்டின ஒரு சின்னத்தால அவ்வளவு! அந்த நடுப்பகுதி எவ்வளவு ஆபத்தான இடம்னு இதுக்கு மேல எப்படிச் சொல்றது?

ரேஸ் கார்ல ஏர்பேக் இல்லையேன்னும் ஒருத்தர் கேட்டார். இல்லைதான். அங்கே ஆறு முனை பெல்ட், ஹெல்மெட், கழுத்தைப் பிடிக்கிற ஹான்ஸ் கருவி, உடம்பைக் கவ்விப் பிடிக்கிற பக்கெட் சீட், ரோல் கேஜ் எல்லாம் இருக்கு. அதுல வீலை மட்டும் எடுத்துட்டு வந்து மூணு முனை பெல்ட் வண்டியில மாட்டினா அது ரேஸ் கார் ஆகாது.

டகாட்டாங்கிற கம்பெனியோட ஏர்பேக்கே ஆளைக் கொன்னுதேன்னு சிலர் கேட்டது நியாயமான பயம். டகாட்டா ஏர்பேக்ல பையை விரிக்கிற வெடிமருந்தா அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தினாங்க. வருஷக்கணக்கா வெப்பமும் ஈரப்பதமும் பட்டு அது கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகக் கூட்டையே சிதறடிச்சு ஆட்களைக் கொன்னுது. 2017ல அந்தக் கம்பெனி திவாலாச்சு. உங்க வண்டி அந்தப் பட்டியல்ல இருக்கான்னு சேஸிஸ் நம்பரை வெச்சுப் பாருங்க, இருந்தா இன்ஃப்ளேட்டரை, அதாவது பையை ஊத வைக்கிற பாகத்தை, இலவசமா மாத்தித் தருவாங்க. கெட்ட ஏர்பேக்குக்கு வைத்தியம் நல்ல ஏர்பேக்.

"அந்தக் காலத்துக் கார்ல ஏர்பேக்கா இருந்தது?" அந்தக் கார்ல பாஸ் கிட் போடுறவங்களோட எனக்குச் சண்டையே இல்லை. இல்லாததை யாரும் எடுக்கலை. ஸ்ப்லைன் எண்ணிக்கை பொருந்துற அடாப்டரா வாங்குங்க, சக்கரம் நேரா இருக்கும்போது மாட்டுங்க, நட்டை மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு, அதாவது முறுக்கு விசை அளவுக்கு, முறுக்குங்க. வீல் ரொம்பச் சின்னதா எடுக்காதீங்க. 380 மில்லிமீட்டருக்குப் பதிலா 320 போட்டா, அதே திருப்பத்துக்குக் கை கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுதல் பலம் கொடுத்து இழுக்கணும், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில தோள் வலிக்கும்.

இப்ப அந்த ரெண்டாவது போட்டோவுக்கு வர்றேன். கழட்டின ஏர்பேக்கைப் பின் சீட்ல கவுத்துப் போட்டிருந்தாங்க, கவர் கீழே, உலோகப் பின்பக்கம் மேலே. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதறிடுச்சு. அது வெடிமருந்து. எப்பவும் கவர் மேல பார்த்து இருக்கணும். அப்ப வெடிச்சா பை காத்துல விரியும், முடிஞ்சுது. கவுத்து வெச்சு வெடிச்சா, பை கீழே இருக்கிறதை உதைச்சு அந்த உலோகக் கட்டியையே மேலே எறியும். தூக்கிட்டுப் போகும்போதும் கவர் பக்கம் உடம்புக்கு எதிர்த்திசையில இருக்கணும்.

கழட்டுற முறையும் அந்தப் பதிவுல தப்பு. சாவியை எடுத்துட்டு உடனே கழட்டலாம்னு எழுதியிருந்தாங்க. கூடாது. முதல்ல பேட்டரியோட நெகடிவ் டெர்மினலைக் கழட்டணும். அப்புறம் காத்திருக்கணும். விபத்துல பேட்டரி அறுந்தாலும் பை விரியணும்னு கம்ப்யூட்டருக்குள்ள கெபாசிட்டர் மின்சாரத்தைச் சேர்த்து வெச்சிருக்கும், அது வடியணும். சில கம்பெனி 90 செகண்டுன்னு சொல்லும், சில கம்பெனி 3 நிமிஷம்னு சொல்லும். நான் 10 நிமிஷம் சொல்றேன், யாருக்கும் எதுவும் குறைஞ்சுடாது. மல்டிமீட்டரை எடுத்து ஏர்பேக்கோட ஓம் அளக்காதீங்க, மீட்டர் அனுப்புற மின்சாரமே திரியைப் பத்த வெச்சிடலாம்.

வீலைக் கழட்டும்போது நட்டை முழுசா எடுக்காம ரெண்டு மூணு மரை விட்டு வெச்சுட்டு, புல்லர் போட்டு இழுக்கணும். இல்லைன்னா வீல் திடீர்னு விடுபட்டு முகத்துல அடிக்கும். ஷாஃப்ட்டைச் சுத்தியலால தட்டவே கூடாது. மோதல்ல மடங்குறதுக்காகச் செஞ்ச ஸ்டியரிங் தண்டு அது. பவர் ஸ்டியரிங்கோட டார்க் சென்சாரும் பல வண்டியில அங்கேதான் இருக்கு. வீல் வெளியே வந்ததும் க்ளாக் ஸ்பிரிங்கை உடனே டேப் போட்டு அசையாமப் பண்ணுங்க. அது ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டு போற, உள்ளே சுருட்டின பட்டை ஒயர், நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் ரெண்டரை மூணு சுத்துதான் தாங்கும். ஒரு சுத்து நகர்ந்த நிலையில வீலை மாட்டினா, முழு லாக் திருப்பும்போது ஒயர் அறுந்துடும். ஹார்ன் போகும், ஏர்பேக் விளக்கு எரியும். அப்பவும் இந்த ரெசிஸ்டரோட யாராவது வருவாங்க.

ஏன் இவ்வளவு பேசுறேன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு வண்டியைப் பத்திச் சொல்றேன். செகண்ட் ஹேண்ட்ல ஒருத்தர் மகளுக்காக வாங்கின கார். சாவியைத் திருப்பினா ஏர்பேக் விளக்கு சில செகண்ட் எரிஞ்சு ஒழுங்கா அணையும். ஒரிஜினல் வீல், ஒரிஜினல் கவர், எல்லாம் சுத்தம். கவரோட ஓரத்துல மட்டும் இடைவெளி ஒரு பக்கம் நகம் நுழையற அளவு, மறு பக்கம் இல்லவே இல்லை. கழட்டினா உள்ளே வெறும் கூடு. பை இல்லை, இன்ஃப்ளேட்டர் இல்லை. மஞ்சள் கனெக்டர், ரெசிஸ்டர், கறுப்பு டேப். முன்னாடி வெச்சிருந்தவர் வேற வீல் போட்டு ஓட்டிட்டு, விற்கும்போது பழைய வீலைத் திருப்பி மாட்டியிருக்கார். ஏர்பேக்கைத் தனியா வித்திருக்கார். அந்தப் பொண்ணு எட்டு மாசம் அந்த வண்டியில போய் வந்திருக்கு, தினமும் அந்த விளக்கு அணைஞ்சதைப் பார்த்துட்டு.

"என் வண்டி, என் உயிர், உனக்கென்ன"ன்னு கேட்டாங்களே, அதுக்கு என் பதில் இந்த வண்டிதான். வீல் மாத்தினது உன் விருப்பம், தம்பி. பிடிக்கலை, ஆனா உன் விருப்பம். ரெசிஸ்டர் உன் விருப்பம் இல்லை. அந்த வண்டியை நாளைக்கு உன் அப்பா எடுத்துட்டுப் போவார், நண்பன் கேப்பான், ரெண்டு வருஷத்துல முகம் தெரியாத ஒருத்தர் வாங்குவார். அவங்ககிட்ட உண்மையைச் சொல்ல வேண்டிய விளக்கோட வாயை நீ கட்டிட்டே. அதை நானூறு பேருக்குக் கத்துக் கொடுத்துட்டே. கேள்வி கேட்டா கமென்ட்டை அழிக்கிறே.

பிடிமானம்தான் வேணும்னா ஒரிஜினல் வீலையே தடிமனா தோல் தைச்சு வாங்கலாம், கவரையும் அதோட மடிப்புக் கோட்டையும் தொடாம. அந்தக் கோடு வழியாத்தான் கவர் கிழிஞ்சு பை வெளியே வரும். ஒரிஜினல் ஏர்பேக்கை அப்படியே உட்கார வைக்கிற, அடிப்பக்கம் தட்டையா இருக்கிற வீலும் நல்ல தயாரிப்பாளர்கள்கிட்ட இருக்கு.

இன்னும் அந்தப் பழைய வீலும் ஏர்பேக்கும் உன்கிட்டதானே இருக்கு, தம்பி? முதல்ல அந்த ஏர்பேக்கைப் பின் சீட்லேர்ந்து எடுத்து, கவர் மேல இருக்கிற மாதிரி, வெயில் படாத, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்துல வை. திருப்பி மாட்டும்போது முன் சக்கரம் நேரா இருக்கட்டும், க்ளாக் ஸ்பிரிங் நடுவுல இருக்கான்னு பார், நட்டை மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு முறுக்கு, புது நட்டு போடச் சொல்லியிருந்தா புதுசு போடு. மஞ்சள் கனெக்டர் பூட்டு "டிக்"னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்து. எல்லாம் முடிஞ்சதும் கடைசியா பேட்டரி. அதை இணைக்கிறப்போ வண்டிக்குள்ள யாரும் உட்காரக் கூடாது, நீயும் கூட.