வரைபடத் தூரம் வேறு, பறக்கும் தூரம் வேறு

பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்குச் சுமார் 7,800 கி.மீ., மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்து, ஒன்பது மணி நேரத்துக்குள் போய்விடலாம் என உங்கள் கட்டுரையில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். 2022க்கு முன்பு அது ஏறக்குறைய சரி. அந்த நேர்வழி பெரும்பாலும் ரஷ்யாவின் மேல்தான் போகிறது. 2022 பிப்ரவரி இறுதியில் அந்த வான்வெளி மூடப்பட்டதும் பின்லாந்து நிறுவனமான பின்ஏரின் விமானங்களுக்கு அதே பயணம் சுமார் 13 மணி நேரம் ஆகிவிட்டது. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன, நாலு மணி நேரம் கூடிப்போச்சு!

இப்போது இரண்டு சுற்றுவழிகள். ஒன்று தெற்கே துருக்கி, கஜகஸ்தான், சீனா பக்கம். மற்றொன்று வடதுருவத்தைத் தாண்டி, அலாஸ்காவை ஒட்டி, பசிபிக் கடல் மேல். ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று அடிப்பதால், டோக்கியோவிலிருந்து கிளம்பும்போது அதை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே போய், பிறகு துருவம் வழியாக வருவது பல நாட்களில் லாபம். ஐரோப்பாவுக்குப் போக முதலில் அமெரிக்கா பக்கம் திரும்புகிறார்கள்! அந்த வழியில் போகிறவர்களுக்கு வடதுருவத்தைக் கடந்ததற்கு ஒரு சான்றிதழும் தருகிறார்கள்.

இது புதுசும் இல்லை. 1983இல் சோவியத் வான்வெளி கிடைக்காத காலத்தில் இதே நிறுவனம் டிசி-10 விமானத்தில் துருவ வழியாகத்தான் டோக்கியோவுக்கு இடைநில்லாமல் பறந்தது. அப்போதும் சுமார் 13 மணி நேரம்தான்.

தயவுசெய்து கட்டுரையில் அட்டவணை நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். இதை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.